நீரிழிவு நோயும் நம் மலைக் கிராமங்களும்

கிராம அபிவிருத்தி என்று சொன்னவுடன் சாலை, பாலம், குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் இவற்றை ஆக்குவதும் அனுபவிப்பதும் மனிதனுடைய உடல்தான். உழவரின் கையும் காலும் கண்ணும் நலமாக இருந்தாலன்றி எந்தத் திட்டமும் முழுப் பயனைத் தராது. அவற்றை ஓசையின்றி அரித்து வரும் நோய் ஒன்று இன்று நம் கிராமங்களில் புகுந்துள்ளது. அதுவே நீரிழிவு. சர்க்கரை நோய் என்றும், சித்த வைத்தியத்தில் மதுமேகம் என்றும் இது வழங்கப்படுகிறது.

இது பட்டணத்தார்க்கும் பணம் படைத்தோர்க்கும் உரிய நோய் என்று நம் மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளனர். “மலை ஏறி இறங்கி உழைப்பவனுக்குச் சர்க்கரை ஏது?” என்று பழனி மலைக் கிராமங்களில் கேட்பவர் இன்றும் உண்டு. இவ்வெண்ணம் ஒரு காலத்தில் ஓரளவு பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்று அது ஆபத்தானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 இலட்சம் பேர் அதன் வாயிற்படியில் நிற்பதாகவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. வயது வந்தோரில் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 16 பேருக்கும், கிராமப்புறத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. தமிழ்நாட்டில் நகரமும் கிராமமும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். ஆயிரம் வயது வந்தோர் வாழும் ஒரு கிராமத்தில், கிராமப்புற விகிதத்தையே கொண்டாலும், 90 பேர் நோயாளிகளாக இருக்கக்கூடும் என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மலை வாழ்க்கையும் மாறிவிட்டது. முன்னர்த் தலைச்சுமையாகவும் குதிரை மீதும் சென்ற விளைபொருள் இன்று ஜீப்பிலும் லாரியிலும் செல்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் உண்ட இடத்தில் மூன்று வேளையும் அரிசிச் சோறு வந்துள்ளது. தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் வண்டி ஓட்டியும் கடையில் அமர்ந்தும் பிழைக்கின்றனர். பரம்பரையாக வரும் இயல்பும், இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பும், குறைந்துபோன நடையும் ஒன்றுகூடினால் குறிஞ்சி நிலத்தாரையும் இந்நோய் விட்டுவைக்காது.

நோயின் தன்மை

நாம் உண்ணும் சோறும் கிழங்கும் பழமும் வயிற்றில் ஜீரணமாகி, குளுக்கோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையாக இரத்தத்தில் கலக்கின்றன. உடலின் ஒவ்வொரு நுண்ணறைக்கும் இதுவே எரிபொருள். ஆனால் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை தானாகவே எல்லா நுண்ணறைகளுக்குள்ளும் புகுந்துவிடாது. இரைப்பைக்குப் பின்புறம் உள்ள கணையம் என்னும் உறுப்பு சுரக்கும் இன்சுலின் அதற்கு வழி திறந்துவிட வேண்டும்.

பாசனத்தை நன்கறிந்த விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். இரத்தம் வாய்க்கால்; நுண்ணறைகள் பாத்திகள்; இன்சுலின் மடை திறப்பவர். மடை திறப்பவர் வாராதொழிந்தாலோ, வந்தும் மடை இறுகித் திறவாவிட்டாலோ என்ன நேரும்? வாய்க்காலில் வெள்ளம் பெருகும். பாத்தியில் பயிர் வாடும். நீரிழிவில் நடப்பது இதுவே. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்க, உடலோ பசியால் சோர்கிறது.

கணையம் இன்சுலினை ஏறக்குறைய முற்றிலும் சுரக்காது நின்றுவிடுவது முதல் வகை. இது பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி உயிர்மருந்து. சுரக்கும் இன்சுலின் போதாமலோ, சரியாக வேலை செய்யாமலோ இருப்பது இரண்டாம் வகை. நம்மிடையே காணப்படுவதில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையே. இது மெல்ல வருவது. பல ஆண்டுகள் மறைந்திருக்க வல்லது.

அறிகுறியும் சோதனையும்

அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காத தாகம், மிகுந்த பசி, காரணமின்றி உடல் மெலிதல், சோர்வு, ஆறாத புண், பார்வை மங்கல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள் எனப் பலரும் அறிவர். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தனர் முன்னோர். ஆனால் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது. எனவே எறும்பு சொல்லும்வரை காத்திருப்பவர் காலங்கடந்தே அறிகிறார். நோயாளிகள் பலருக்கு மேற்கூறிய அறிகுறிகளில் ஒன்றேனும் தொடக்கத்தில் தோன்றுவதில்லை.

ஆகவே, நோயை அறியத்தக்க நம்பிக்கையான வழி இரத்தச் சோதனை ஒன்றே. இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரமேனும் ஒன்றும் உண்ணாமல், காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருப்பின் அது இயல்பு நிலை. 100 முதல் 125 வரை எச்சரிக்கை நிலை. 126-உம் அதற்கு மேலும் நீரிழிவு. 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 200 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தாலும் நீரிழிவே. அறிகுறி இல்லாதவர்க்கு மறுமுறையும் சோதித்து உறுதி செய்தல் முறை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்றும் உண்டு, அதில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நோயைக் குறிக்கும்.

எச்சரிக்கை நிலையில் உள்ளோர் மனந்தளர வேண்டுவதில்லை. இந்நிலையிலிருந்த 531 பேரை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் சென்னையில் மூன்றாண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். சிறப்பு அறிவுரை பெறாதவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோயாளிகளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்து வந்தவர்களில் நூற்றுக்கு 39 பேரே அந்நிலையை அடைந்தனர். நம் மக்களிடமே, நம் உணவைக் கொண்டே கண்ட உண்மை இது.

உறுப்புகளுக்கு நேரும் கேடு

மிகுதியான சர்க்கரை ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் ஓடினால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது. இரத்தக் குழாய் செல்லாத உறுப்பு உடலில் அரிது. ஆதலால் இந்நோய் ஓர் உறுப்போடு நிற்பதில்லை.

இருதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் பெரிய குழாய்கள் அடைபடுவதால், நீரிழிவுடையோர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நரம்புகள் பழுதானவர்க்கு மார்வலி இல்லாமலேயே மாரடைப்பு வருவதுண்டு. திடீரென மூச்சுத் திணறலும் வியர்வையும் வந்தால் வாயுக்கோளாறு எனக் கருதிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக் காலம் கடத்தலாகாது.

கண்ணின் பின்புறத் திரையில் உள்ள நுண்குழாய்கள் கசிந்து பார்வையைக் கெடுக்கின்றன. இக்கேடு தொடங்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கும். மங்கிய பின் வருபவரைவிட, மங்கும் முன் வருபவருக்கே சிகிச்சை நன்கு பலிக்கும். ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்திரையைச் சோதித்துக் கொள்வது அவசியம்.

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் சல்லடைகள். சல்லடையின் கண் கிழிந்தால் உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். நாளடைவில் சல்லடையே செயலற்றுப் போகும். அதன்பின் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைச் சுத்தி செய்ய வேண்டிவரும். மலைச்சாலையில் அத்தனை முறை போய் வருவது ஒரு குடும்பத்துக்கு எத்தகைய பாரம் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் இதைப் பெரிதும் தடுக்கும்.

நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றுகிறது. ஈறு வீங்கிப் பல் ஆடுதல், தோல் அரிப்பு, சிறுநீர்த் தாரை எரிச்சல் ஆகியவை அடிக்கடி வரும். காசநோய் பற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. எனவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிச் சோதனையும், காசநோய் கண்டவர்க்குச் சர்க்கரைச் சோதனையும் செய்ய வேண்டும்.

வலி என்னும் காவற்காரன்

மேற்கூறியவை எவ்வூரார்க்கும் பொருந்துவன. மலைவாழ் மக்களுக்குத் தனியே வற்புறுத்திச் சொல்லத்தக்க கேடு ஒன்று உண்டு. அது கால் நரம்புகளின் மரமரப்பு.

வலி என்பது துன்பம் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உடலின் காவற்காரன். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டு இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தினார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாகவே உதிர்வதில்லை. வலி தெரியாமையால் சூடும் வெட்டும் உராய்வும் அவற்றை அழிக்கின்றன என்று அவர் கண்டார். பின்னர் அமெரிக்காவில் பணியாற்றியபோது அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். காவற்காரன் உறங்கிய வீட்டில் திருடன் புகுவதுபோல், வலி மறைந்த காலில் புண் புகுகிறது.

ஓர் உதாரணத்தைக் கவனிப்போம். பூம்பாறைப் பக்கத்துப் பூண்டுத் தோட்டத்தில் ரப்பர் பூட்ஸ் அணிந்து வேலை செய்யும் விவசாயி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். பல ஆண்டுகளாகத் தமக்குச் சர்க்கரை இருப்பதை அவர் அறியார். பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் விழுந்துவிடுகிறது. நலமுள்ளவர் இரண்டு அடி வைப்பதற்குள் நின்று உதறிவிடுவார். இவரோ மாலைவரை அதன்மீதே நடக்கிறார். இரவில் காலைப் பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் காலுறையில் ஈரம். ஐந்தாம் நாள் நாற்றம். வலி இல்லாததால் மஞ்சளை அப்பிவிட்டு மீண்டும் தோட்டத்துக்குச் செல்கிறார். மருத்துவமனையை அடையும்போது சீழ் எலும்பைத் தொட்டிருக்கிறது. விரல் போகலாம், கால் போகலாம். படிக்கட்டுப் போன்ற மலைத் தோட்டத்தில் ஒரு கால் இழந்தவர் எவ்வாறு ஏறி இறங்குவார்? நிலம் குத்தகைக்குப் போகும். பிள்ளையின் படிப்பு நிற்கும். இவ்வளவுக்கும் காரணம் ஒரு கல்.

இது மிகைப்படுத்திச் சொன்னதன்று. நீரிழிவால் கால் அகற்றப்படும் நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு 85 அளவில் முதலில் பாதத்தில் ஒரு புண் தோன்றிய பின்னரே அந்நிலை வருகிறது. ஆகவே புண்ணைத் தடுத்தால் காலைக் காக்கலாம்.

மலையில் கவனிக்க வேண்டியவை பல. மார்கழி, தை மாதக் குளிரில் கணப்புச் சட்டியின் முன் கால் நீட்டிக் குளிர் காய்வது நம் வழக்கம். உணர்வு மங்கிய கால் வெந்து கொப்புளித்தபின்னரே கண்ணுக்குத் தெரியும். அத்தகையோர் கணப்பருகில் காலை நீட்டாமல், கம்பளிக் காலுறை அணிந்து போர்த்திக் கொள்ள வேண்டும். வெந்நீரில் காலை விடும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும். இயலுமாயின் வீட்டார் ஒருவர் பார்ப்பது நலம். சோலைக்காட்டு ஓரங்களில் கடிக்கும் அட்டையைப் பிய்த்தெறிந்த இடம் சிறு புண்ணாகும். அதைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, ஆறும்வரை தினமும் பார்த்து வர வேண்டும். மழைக்காலத்தில் நாளெல்லாம் ஈரத்தில் ஊறும் கால்விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வரும். வேலை முடிந்தவுடன் துடைத்து உலர்த்துக.

மலையடிவாரத்து ஊர்களுக்கும் ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பல்லாயிரம் அன்பர்கள் பழனிக்குப் பாதயாத்திரையாக வெறுங்காலில் வருகின்றனர். வெயிலில் காய்ந்த தார்ச்சாலை, உணர்வற்ற பாதத்தைச் சுட்டுப் பொசுக்கிவிடும். நீரிழிவுடையோர் புறப்படும் முன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டி, அவர் சொற்படி மெத்தென்ற காலணியுடன் நடப்பதே தகும். பாதத்தைப் பாதுகாத்து வருவதால் பக்தி குறைந்துவிடாது.

உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, மற்றொருவர் அவருடைய இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை, அழுத்தாமல், ஓரிரு விநாடி விரலால் தொட வேண்டும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் அக்கால் ஆபத்தில் உள்ளது, மருத்துவரிடம் செல்க. அவ்வாறானவர் நாள்தோறும் செய்ய வேண்டியவை:

1. இரவு படுக்கும் முன் பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்கிலும் பார்த்தல். குனிய இயலாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

2. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கை நன்கு துடைத்தல். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம்; விரலிடுக்கில் தடவலாகாது.

3. வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடவாமை. பூட்ஸையும் செருப்பையும் கவிழ்த்துத் தட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுப் பார்த்த பின்னரே அணிதல். எம்.சி.ஆர். செருப்பு மிக நல்லது.

4. நகத்தை நேராக வெட்டுதல். ஆணியைப் பிளேடால் அறுக்காமை.

5. கொப்புளமோ கீறலோ நிறமாற்றமோ கண்டால், வலி இல்லை என்று வாளாவிராமல் மறுநாளே சுகாதார நிலையம் செல்லுதல்.

உணவும் உழைப்பும்

சர்க்கரை நோயாளி பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அளவும் நேரமும் அறிந்து உண்ண வேண்டும். தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குக. பீன்ஸ், முட்டைக்கோஸ், சௌசௌ, முள்ளங்கி, கீரை ஆகியவை நம் மலையிலேயே விளைவன. விளைவித்த நல்ல காயை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் சோறும் ஊறுகாயும் உண்பது கவலைக்குரியது. கால் பங்கு பயறு, பருப்பு, முட்டை, மீன் போன்றவை. மற்றக் கால் பங்கே சோறு. உருளைக்கிழங்கு உண்ணும் நாளில் அந்த அளவு சோற்றைக் குறைக்க வேண்டும். அது காய் அன்று, சோற்றுக்கு இணையானது.

சாமையும் தினையும் நார் மிகுந்தவை. பளபளப்பாகத் தீட்டிய அரிசியைவிட மேலானவை. ஆயினும் அவையும் மாவுப்பொருளே. சாமைதானே என்று அளவின்றி உண்டால் பயனில்லை. மலைத்தேன் மருந்து, நாட்டுச் சர்க்கரை தீங்கற்றது என்னும் எண்ணமும் தவறு; இரத்தத்தில் கலந்தபின் இரண்டும் சர்க்கரையே. பிளம்ஸ், பேரிக்காய் ஆகியவற்றைச் சிறு அளவில், முழுப் பழமாக உண்ணலாம், சாறாக்கிப் பருகலாகாது. மலைவாழைப்பழம் சிறியது ஒன்று போதும். பஞ்சாமிர்தத்தைப் பிரசாதமாக நாவில் தொட்டுக் கொள்வதோடு நிறுத்துக.

குளிரில் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை தேநீர் அருந்துவோர் நம்மிடையே பலர். ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு கரண்டி ஆகிறது. இதை நிறுத்துவதே பலருக்கு முதல் சிகிச்சை. புகையிலை, பீடி, மது ஆகியவற்றை விட்டொழிக்க வேண்டும். புகை கால் இரத்தக் குழாயை அடைத்து, நரம்புக் கேட்டுடன் கூட்டுச் சேர்ந்து காலை அழிக்கும்.

தோட்டத்தில் உழைப்பவர்க்குத் தனி உடற்பயிற்சி தேவை இராது. கடையிலும் வண்டியிலும் அமர்ந்து பிழைப்போர் நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். காலில் புண் இருக்கும்போது நடை வேண்டா; ஓய்வே வேண்டும்.

மருந்தும் தவறான எண்ணங்களும்

1921-ஆம் ஆண்டுக்கு முன், முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மெலிந்து இறப்பது உறுதியாக இருந்தது. அவ்வாண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பிரடெரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பொது மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று அதன் உரிமையைப் பெயரளவில் ஒரு டாலருக்கு அவர்கள் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர். அத்தகைய அருமருந்தைக் கண்டு, “ஊசி போட்டால் இனி முடிவுதான்” என்று நாம் அஞ்சுவது பொருந்தாது.

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் தவறான எண்ணம்; கட்டுப்படாத சர்க்கரையே அதைக் கெடுக்கிறது. அளவு இறங்கியதும் மருந்தை நிறுத்துவோர் பலர். மருந்தினால் இறங்கியது, மருந்தை நிறுத்தினால் ஏறும். பாகற்காய், வெந்தயம், நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சான் ஆகியவற்றை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தைக் கைவிடலாகாது. உட்கொள்வதாயின் மருத்துவரிடம் சொல்லிவிட்டே உட்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் அறிய வேண்டும். மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டு, உண்ணாமல் காப்பிப் பழம் பறிக்கவோ களை எடுக்கவோ சென்றால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் குறிகள். குடித்தவர் என்று மற்றவர் எண்ணி ஒதுங்கிவிடுவதும் உண்டு. அப்பொழுது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுத்து, தெளிந்தபின் உணவும் அளிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். மருந்துண்ணும் தொழிலாளர் மடியில் சிறிது சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் குப்பியைக் கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊரில் அறையிலேயே சுமார் நான்கு வாரம் வைத்திருக்கலாம். அடுப்பருகிலும் வெயிலிலும் வைக்கலாகாது; உறைபனியில் உறையவும் விடலாகாது.

கருவுற்ற தாய்மார்

கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவு ஒன்று உண்டு. கவனியாது விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் கடினமாகும். பிற்காலத்தில் தாய்க்கும் சேய்க்கும் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகும். உணவருந்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் இரத்தம் பார்க்கும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா வற்புறுத்திப் பரப்பினார். 140-உம் அதற்கு மேலும் இருப்பின் சிகிச்சை தேவை. மலையிறங்கிப் பலமுறை வர இயலாத தாய்மார்க்கு, ஒரே வருகையில் முடியும் இச்சோதனை பெரிதும் ஏற்றது. பிரசவத்துக்குப் பின்னும் அவர்கள் அவ்வப்போது சோதித்துக் கொள்ள வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

நோயைத் தீர்ப்பது மருத்துவர் கடமை. நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பது ஊரின் கடமை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, நோயாளிகளுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குவது இதன் சிறப்பு. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. ஆயினும் வீடுகள் சிதறிக் கிடக்கும் மலை ஊராட்சியில், ஊரார் துணையின்றி எத்திட்டமும் கடைசி வீட்டை எட்டாது. எனவே கீழ்க்கண்டவற்றை ஊராட்சி உறுப்பினர்கள் ஆலோசிக்கலாம்.

முதலாவது, கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஒன்றிரண்டையேனும் ஆரம்ப சுகாதார நிலையத்துடன் பேசிச் சோதனை முகாம் நாளாகவும் ஆக்குதல். 30 வயது நிரம்பிய அனைவரும் ஆண்டுக்கொரு முறை சோதித்துக் கொள்ளட்டும். உறுப்பினர்களே முதலில் விரலை நீட்டினால் மற்றவர் அச்சம் நீங்கும்.

இரண்டாவது, பளியர், புலையர் முதலிய பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் முகாம் செல்லும் நாளை முன்கூட்டியே தெரிவித்து வண்டி வசதிக்கு ஏற்பாடு செய்தல். கூலி நாளை இழந்து அவர்கள் கீழே வரமாட்டார்கள்.

மூன்றாவது, சுய உதவிக் குழு மகளிர்க்கு மேலே கூறிய ஆறிடத் தொடு சோதனையைச் சுகாதாரப் பணியாளர் கற்பிக்கச் செய்தல். குழு கூடும் நாளில் ஒருவர் காலை ஒருவர் பார்க்க ஐந்து நிமிடம் போதும், செலவு ஏதுமில்லை.

நான்காவது, கூட்டங்களில் சர்க்கரை கலவாத தேநீரும் சுண்டலும் வழங்குதல். தைப்பூச வழியில் உள்ள ஊராட்சிகள் தண்ணீர்ப் பந்தலுடன் பாதம் கழுவிப் பார்க்கும் இடம் ஒன்றும் அமைத்தல்.

ஐந்தாவது, நோயாளியின் பெயரை ஊரறியச் சொல்லி நாணச் செய்யாமை. மணம் பேசும் இடத்திலும் வேலை கொடுக்கும் இடத்திலும் குறையாகக் கருதப்படும் என்று அஞ்சியே பலர் நோயை மறைக்கின்றனர். விவரம் சுகாதாரப் பணியாளரிடம் இருந்தால் போதும்.

முடிவாக ஒன்று. வலித்தால் மருத்துவரிடம் போவது நம் பரம்பரை வழக்கம். நீரிழிவுக்கு அவ்வழக்கம் உதவாது. வலியையே திருடும் நோய் இது. வலிக்காதபோது சோதித்துக் கொள்வதும், வலிக்காத காலைத் தினமும் பார்ப்பதும் ஆகிய இரண்டு புதிய வழக்கங்களை நாம் பழக வேண்டும். நவம்பர் 14, இன்சுலினைக் கண்ட பாண்டிங்கின் பிறந்த நாளாதலால் உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் அதுவே குழந்தைகள் தினம். அன்று பள்ளிக் குழந்தை ஒவ்வொன்றும் வீட்டுக்குச் சென்று தாத்தா பாட்டியின் பாதத்தைப் பார்த்து வரட்டும். அதற்கு ஊராட்சியின் தீர்மானமும் வேண்டா, நிதியும் வேண்டா.